லைட்டைக் காட்டிப் பாஸான பிள்ளை

1

எனக்கு ஒழுங்காக எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். போன மாதம் நடந்ததையும் எப்போதோ நடந்ததையும் ஒன்றாகக் கலக்கிவிடுவேன். மறதி அந்த அளவுக்கு வந்துவிட்டது. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க ஏலாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

கல்முனையில் சஞ்சிகை நடத்தும் தம்பி ஒருவர், லண்டன் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள், பனி கொட்டுவதைப் பற்றியெல்லாம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். பனி கொட்டும், பிறகு கரைந்து சேறாகும். அதில் எழுத வேறொன்றும் இல்லை. நான் இருப்பது லண்டனும் இல்லை, அங்கிருந்து ரயில் ஏறிப் போகவேண்டிய ஒரு சின்ன ஊர். நம்முடைய ஆட்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வட்டிலாப்பம் அவித்தார்கள். யாரோ விருந்தாளிகள். அந்த இனிப்பில் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார்கள். வாயில் வைத்தேன், இறங்கவில்லை. இதற்கு முன் இந்த வீட்டில் வட்டிலாப்பம் அவித்தது எங்கள் பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான் என்று கொண்டாடுவதற்கு. அப்போது அவனுக்கு வயது இரண்டு. இரண்டு வயதுப் பிள்ளை என்ன பரீட்சை பாஸ் பண்ணும் என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் பிள்ளை என்றால் என் தங்கச்சியின் மகள் ஷிபானாவின் மகன், ஆதில். எனக்குப் பிள்ளைகள் இல்லை. சுனாமியில் கடல் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் என் கணவர் என்னை இங்கே கூப்பிட்டெடுத்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்தவர். அவர் மௌத்தான பிறகு ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தேன். ஷிபானா கலியாணம் முடித்து இங்கே வந்ததும் என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அதற்கு நான் நன்றியாக இருக்கவேண்டும், இருக்கிறேன். நன்றி இருப்பதால் கண் தெரியாமல் போய்விடுமா?

2

ஷிபானாவின் கணவன் றிஸ்வான் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். ஷிபானாவுக்கு மருந்துக் கடையில் அரைநாள் வேலை. வீட்டில் நானும் பிள்ளையும்தான்.

அவன் உடுப்புத் துவைக்கும் மெஷினுக்கு முன்னால் போய் இருந்துகொள்வான். அது சுழலச் சுழலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து மூக்கால் ஒரு ராகம் இழுப்பான். மெஷின் நின்றால் ராகமும் நின்றுவிடும். பிளெண்டர் போட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஏதும் வேண்டுமென்றால் முகத்தைப் பார்ப்பதில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கையைத் தூக்கிப் பிரிட்ஜ் கதவில் வைப்பான். எனக்கு என் கை ஏதோ அகப்பை மாதிரித் தோன்றும். ஒரு சொல்லும் வரவில்லை. உம்மா என்றும் இல்லை.

நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அதனால் கேட்டுக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிட்டது. கேட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் மற்றவர்களின் மடத்தனம் மலைபோல் சேர்ந்துவிடும். ஆதில் கதைக்கவில்லை என்று தெரிந்ததும் ஊரிலிருந்து போனில் வந்த வைத்தியங்களைக் கேட்டிருக்கவேண்டும்.

"ஆம்புளப் புள்ள பிந்தித்தான் கதைக்கும். இவன்ட வாப்பா மட்டும் என்ன, பள்ளிக்குப் போகக்குள்ளதானே வாயத் திறந்த" என்றார் றிஸ்வானின் உம்மா. திறந்த வாய் பிறகு மூடவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

"நாக்குல தேனத் தொட்டு வைங்க" என்றார் ஒருவர். "போனக் குடுத்துத்தான் புள்ளயக் கெடுத்த" என்றாள் இன்னொருத்தி. விடிந்தது முதல் படுக்கும்வரை போனும் கையுமாக இருப்பவள் அவள். "கண்ணூறுதான் புள்ள, வேறென்ன" என்று ஒருவர் தண்ணீர் ஓதி, போத்தலில் அடைத்து, வருகிறவர்களின் பெட்டியில் வைத்து அனுப்பினார். ஓதின தண்ணீரை நான் குறை சொல்லமாட்டேன், நானே பிஸ்மி சொல்லிப் பருக்கினேன். அதை அனுப்பியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன். டொக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஊரிலே மாட்டுக்குக் கால் நொண்டினால் அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூட்டிவருவார்கள்.

3

இங்கே பிள்ளைக்கு இரண்டு வயதானால் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பாள். நம்முடைய ஊரில் மிட்வைஃப் மிஸ் வந்து நிறுத்துப் பார்க்கிற மாதிரித்தான். ஆனால் இவர்கள் நிறையோடு விடுவதில்லை. பிள்ளை விரலால் ஒன்றைக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, டாட்டா காட்டுகிறதா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா என்று கேட்பார்கள். தாய் தகப்பன் யோசித்துப் பதில் எழுதட்டும் என்று அந்தக் கேள்விகளை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுவார்கள். எதற்கு? பிள்ளைக்கு எங்கே உதவி தேவை என்று கண்டுபிடிக்க. அது யாருக்கும் விளங்கும்.

ஷிபானாவுக்கு விளங்கவில்லை. காரணம், அவள் படித்தவள். கல்முனையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்துப் பெயர் வாங்கியவள். நம்முடைய ஊரில் அந்தப் பரீட்சை எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் ரியூசன், பின்னேரம் ரியூசன். வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு உம்மாமார் நிற்பார்கள். பாஸான பிள்ளைகளின் படத்தைப் பெனரில் போட்டுச் சந்தியில் கட்டுவார்கள். பெயிலான பிள்ளையின் உம்மா கொஞ்ச நாளைக்குக் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டமாட்டாள். பிள்ளைக்கு வயது பத்து.

தபாலை உடைத்ததும் ஷிபானாவின் முகம் வெளிச்சமாகிவிட்டது.

"பெரியம்மா, கேள்வித்தாள் முன்னுக்கே வந்திட்டு! இதவிட லேசான சோதன எங்கயும் இரிக்கா?"

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு போடு" என்றார் றிஸ்வான். "ஒரு இல்ல போட்டாலும் கம்பியூட்டர்ல ஏறிடும். மறுகா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதுதான் முன்னுக்கு நிக்கும்."

"ஓம் எண்டு போட்டா நர்ஸ் செஞ்சி காட்டச் சொன்னா?"

"அதுக்குத்தானே நீ டீச்சர்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஊருக்குத் தெரிஞ்சா என்ட தங்கச்சிட கலியாணப் பேச்சு என்னாகும் எண்டு யோசிச்சியா? பரம்பரைல இரிக்கி எண்டு சொல்றதுக்கு ரெண்டு பேர் போதும்" என்றார்.

தன் தங்கச்சிக்கு ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நம்மில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வருமா? வீட்டுக்குக் கூரை போட இங்கிருந்து உழைத்தது காணாது என்று, இரண்டு வயதுப் பிள்ளையும் பாஸ் பண்ணிக் கொடுக்கவேண்டியிருந்தது.

பாடம் தொடங்கியது. கையில் மாரி பிஸ்கட். "லைட் எங்க வாப்பா? லைட்டக் காட்டுங்க" என்று அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்து மேலே தூக்குவாள், வாயில் ஒரு துண்டு பிஸ்கட் வைப்பாள். மறுபடியும் லைட், மறுபடியும் பிஸ்கட். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பிஸ்கட் பைக்கற்றைச் சரசரக்கவைப்பாள். பிள்ளை திரும்பும், பைக்கற்றைத்தான் பார்க்கும். அதையும் சரி என்று கணக்கில் எடுத்துக்கொண்டாள். டாட்டா காட்டுவது மட்டும் வரவில்லை. "அதுக்கு ஒரு மார்க் போனா போகட்டும்" என்றாள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நர்ஸ் வந்தாள். கழுத்தில் அட்டை, மடியில் கம்பியூட்டர், கண் கடிகாரத்தில். தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று போனில் ஒருவரைப் பிடித்துத் தந்தாள். அவர் எந்த நாட்டுத் தமிழரோ, எல்லோரையும் மேடம் மேடம் என்றார். ஷிபானா பாடமாக்கியதை ஒப்புவித்தாள். நர்ஸ் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில், "லைட் எங்க வாப்பா?" என்றாள் ஷிபானா. பிள்ளை விரலைத் தூக்கி லைட்டைக் காட்டினான்.

"லவ்லி" என்றாள் நர்ஸ்.

இந்த நாட்டில் லவ்லி என்பதைப் போல மலிவான சாமான் வேறில்லை. தேநீர் கொடுத்தாலும் லவ்லி, மௌத்து வீட்டில் பூ வைத்தாலும் லவ்லி. பிள்ளை அவளுடைய முகத்தை ஒரு தடவையாவது பார்த்தானா என்று அவள் பார்க்கவில்லை. கம்பியூட்டரை மூடிக்கொண்டு போய்விட்டாள். மூலையில் ஒரு கிழவி இருக்கிறாளே, பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவள் இவள்தானா என்றும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் வட்டிலாப்பம். கல்முனைக்குப் போன் போட்டார்கள். "பாஸ்! எல்லாத்துலயும் பாஸ்!" என்று றிஸ்வான் கத்தியது அடுத்த வீட்டு வெள்ளைக்காரருக்கும் கேட்டிருக்கும். மறுமுனையில் அவருடைய உம்மா, "நான் சொன்னன்தானே, மாஷா அல்லாஹ்" என்று அழுதார். சந்தியில் பெனர் கட்டாததுதான் குறை.

4

பாஸான பிள்ளைக்கு யார் உதவி செய்வார்கள்? யாரும் வரவில்லை. கடிதமும் இல்லை, போனும் இல்லை. எல்லாம் சரியென்று எழுதிக் கொடுத்தால் அப்படித்தான்.

சோதனை முடிந்ததும் ஷிபானா பாடத்தை விட்டுவிட்டாள். பிள்ளை விடவில்லை. அவனுக்கு இந்த உலகத்தில் மற்றவர்களிடம் சொல்வதற்கென்று நாம் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், விரலைத் தூக்கி லைட்டைக் காட்டுவது. பசித்தால் லைட்டைக் காட்டினான். விடாய்த்தால் லைட்டைக் காட்டினான். உடுப்புக்குள்ளே மலம் போய் நனைந்தால் லைட்டைக் காட்டினான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதையும் விட்டுவிட்டான். முன்பு அதிலாவது பிரிட்ஜா, கதவா, தண்ணீர்க் குழாயா என்று விளங்கும். இப்போது எல்லாவற்றுக்கும் கூரையைத்தான் பார்க்கவேண்டும்.

வந்து போகிறவர்கள், "ஆ, லைட்டக் காட்டுறாரே, கெட்டிக்காரன்!" என்று கைதட்டுவார்கள்.

ஒருநாள் பின்னேரம் பிள்ளை அழத் தொடங்கினான். உடம்பு கொதித்தது. தரையில் புரண்டு குழறுகிறான். எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை. வயிற்றைத் தடவினேன், காலைப் பிடித்தேன், எங்கே தொட்டாலும் உதறினான். ஷிபானா வேலையிலிருந்து ஓடிவந்து, "எங்க வாப்பா வலிக்கி? உம்மாக்குக் காட்டுங்க, எங்க வலிக்கி?" என்று கெஞ்சினாள். கண்ணீர் ஒழுக ஒழுக, பிள்ளை விரலைத் தூக்கி லைட்டைக் காட்டினான்.

ஷிபானாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விருப்பமில்லை. டொக்டரிடம் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக வலித்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

5

மூன்று வயதில் நேர்சரியில் சேர்த்தார்கள். சேர்த்த கொஞ்ச நாளிலேயே ஷிபானாவைக் கூப்பிட்டார்கள். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை, சொல்வதற்குத் திரும்பவில்லை, டொக்டர்மார் இருக்கும் பெரிய இடத்தில் காட்டவேண்டும், கடிதம் எழுதுகிறோம் என்றார்களாம். அதுவரைக்கும் சரி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே ஒரு சின்னப் பெண், நகத்துக்கு நீலச் சாயம் பூசியவள், வீட்டில் என்ன மொழி கதைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். தமிழ் என்றதும், இரண்டு மொழியால்தான் பிள்ளை குழம்புகிறது, இனி இங்கிலீஷ் மட்டும் கதையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

நம்முடைய ஆட்களுக்கு வெள்ளைத் தோல் சொன்னால் போதும். அன்று பின்னேரமே றிஸ்வான் என்னிடம் வந்து முன்னால் இருந்தார்.

"மாமி, குறை நினைக்காதீங்க. இனி ஆதிலோட தமிழ்ல கதைக்க வேணாம்."

"அப்ப நான் என்னத்துல கதைக்கிற, மகன்?"

"கதைக்காம இரிங்க மாமி. அவன்ட நன்மைக்குத்தானே."

மரியாதையாகத்தான் சொன்னார். வாயை மூடு என்று மரியாதையாகச் சொன்னால் அது வேறொன்றாகிவிடுமா?

ஷிபானாவின் இங்கிலீஷ் பரீட்சை இங்கிலீஷ். இலக்கணம் பிழைக்காது, உயிரும் இருக்காது. கடையில் சாமான் விற்கலாம், பிள்ளையைக் கொஞ்ச ஏலாது. ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அதற்குள் பிள்ளை அங்கிருந்து போயிருப்பான். நாள் போகப் போக அவளும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். சோறு ஊட்டும்போது பேச்சில்லை, குளிப்பாட்டும்போது பேச்சில்லை. நானோ பகல் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையின் பின்னால் திரிந்தேன். பேச்சு வராத பிள்ளைக்கு வைத்தியமாம், வீட்டில் யாரும் பேசாமல் இருப்பது. மெஷின் மட்டும் சுழன்றது. பிள்ளை மூக்கால் இழுக்கிற ராகத்தைத் தவிர அந்த வீட்டில் மனிதச் சத்தம் இல்லை.

6

பெரிய இடத்துக்குக் காத்திருந்த காலத்தைச் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். ஊரில் ஆசுபத்திரி வாங்கில் குந்தி ஒருநாள் காத்திருக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் இங்கே வந்து பார்க்கவேண்டும். இங்கே வாங்கில் இருத்தமாட்டார்கள், வீட்டிலேயே இருத்திவைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஷிபானா போன் பண்ணிப் பண்ணித்தான் நாள் கிடைத்தது.

போகும்போது காருக்குள் றிஸ்வான் சொன்னார்: "எல்லாம் செய்வான் எண்டு சொல்லு. கொஞ்சம் பிந்துது, அவ்வளவுதான்."

பேச்சுப் பழக்கும் பெண்மணி பருத்த உடம்பு, நரைத்த தலை. கதிரை இருக்க, தரையில் சம்மணம் கொட்டி இருந்தாள். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. இவளா டொக்டர் என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளையிடம் அதைச் செய், இதைச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒரு மூடியைச் சுழற்றினான், அவளும் ஒரு மூடியை எடுத்துச் சுழற்றினாள். நெடுநேரம் அப்படியே. இதற்கா இவ்வளவு காலம் காத்திருந்தோம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. தமிழுக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணை ஆளாகவே கூட்டிவந்து இருத்தியிருந்தார்கள்.

கேள்வி தொடங்கியதும் ஷிபானா பழைய பாடத்தை எடுத்தாள். கூப்பிட்டால் திரும்புவான், பார்த்துச் செய்வான், விரலால் காட்டுவான். அந்த நேரம் பார்த்து ஆதில் எழும்பி வந்தான். விடாய்த்திருக்கவேண்டும், நாக்கால் உதட்டை நனைத்தான். விரலைத் தூக்கி லைட்டைக் காட்டினான்.

அந்தப் பெண்மணி லவ்லி என்று சொல்லவில்லை. லைட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு ஷிபானாவிடம் என்னவோ கேட்டாள்.

"அவர் உங்களுக்கு என்னத்தைக் காட்டுறார் எண்டு கேக்கினம்" என்றாள் யாழ்ப்பாணத்துப் பெண்.

றிஸ்வான் தொண்டையைச் செருமினார். பிள்ளை விரலை இறக்காமல் நின்றான்.

"ஒண்டுமில்ல" என்றாள் ஷிபானா. இங்கிலீஷில் இல்லை, தமிழில். "அது நான் படிப்பிச்ச. சோதன பாஸ் பண்ணட்டும் எண்டு பிஸ்கட் குடுத்துப் படிப்பிச்ச. பசிச்சாலும் லைட்டத்தான் காட்டுவான், வலிச்சாலும் லைட்டத்தான் காட்டுவான். வேற ஒண்டும் தெரியா அவனுக்கு. கூப்பிட்டாத் திரும்பமாட்டான். ஒண்டும் செய்யமாட்டான். எல்லாம் பொய்."

"ஷிபானா!" என்றார் றிஸ்வான்.

"நீங்க பேசாம இரிங்க."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவள்மேல் இருந்த வெறுப்பில் கொஞ்சம் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. முழுவதும் இல்லை.

அந்தப் பெண்மணி ஏசவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளையின் கையெட்டும் இடத்தில் வைத்தாள். குடித்தான். பிறகு வேறு ஒரு டொக்டரும் வந்து பார்த்து, இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்து, ஓட்டிசம் என்று சொன்னார்கள். பிள்ளைகளுக்கான பேச்சு வகுப்பில் இடம் தந்தார்கள். முந்திச் சொல்லியிருந்தால் முந்திக் கிடைத்திருக்கும் இடம்.

வீட்டில் இங்கிலீஷ்தான் கதைக்கிறோம் என்று றிஸ்வான் பெருமையாகச் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டாள் அந்தப் பெண்மணி. சொன்னோம். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்கவும் ஏசவும் கொஞ்சவும் வருமோ அந்த மொழியில் கதையுங்கள், இரண்டு மொழியால் ஓட்டிசம் வராது, பேச்சும் நின்றுவிடாது, பேச்சைக் கேட்காத பிள்ளைக்குத்தான் பேச்சுக் குறையும் என்றாள். கேள்வி கேட்டுக் கேட்டுப் பதில் வாங்காதீர்கள், அவன் பார்ப்பதை நீங்களும் பார்த்து அதன் பெயரைச் சொல்லுங்கள், சின்னச் சொல்லாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் காத்திருங்கள் என்றாள். காலுறையில் ஓட்டை இருந்தால் என்ன?

7

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் கதைத்த கதை! மெஷின் சுத்துது, தண்ணி வருது, நுரை பாருங்க, நுரை, என்று தொண்டை கட்டும்வரை கதைத்தேன். பிள்ளை உடனே வாய் திறந்தான் என்று எழுதினால் நீங்கள் சந்தோசப்படுவீர்கள், ஆனால் அப்படி நடக்கவில்லை. ராகம் மட்டும் கொஞ்சம் கூடியது. இப்போது தண்ணீர், சோறு, வலி என்று சின்னப் படங்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து கையில் தருவான். "ண்ணி" என்று ஒரு சத்தம் சிலவேளை வரும், சிலவேளை வராது. லைட்டைக் காட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

ஊருக்கு இதொன்றும் தெரியாது. வீடியோ போனில் கதைக்கும்போது பிள்ளையை அடுத்த அறையில் விட்டுவிடுவார்கள். கேட்டால் நித்திரை என்பார்கள். ஊர்க்காரர்களின் கணக்கில் ஆதில் பாஸான பிள்ளை, இரண்டு வருடமாகப் பகல் முழுக்க நித்திரை கொள்ளும் பிள்ளை.

போன வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் போன கையோடு என் போனுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நிந்தவூரில் இருக்கும் என் தம்பியின் மகள் பஸ்லியா.

"மாமி, ஒரு உதவி செய்ங்க. எங்கட மகளுக்கு மூணு வயசாகப் போகுது, ஒரு சொல்லுக் கதைக்காள் இல்ல. மிட்வைஃப் மிஸ் ஆசுபத்திரில காட்டச் சொல்லிட்டா. ஷிபானா மச்சிக்கிட்ட அந்தக் கேள்வியெல்லாம் இரிக்கும்தானே, வட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க. போறத்துக்கு முந்திப் படிப்பிச்சி எடுத்தா எங்கட புள்ளயும் பாஸாகிடும்."

இந்த மடத்தனம் கடல் தாண்டிப் போய்க் குட்டி போடப் பார்க்கிறது. போனை ஷிபானாவிடம் நீட்டினேன். அவள் கேட்டாள். உடனே வீடியோவில் பஸ்லியாவை எடுத்தாள்.

"பஸ்லியா, ஒண்டும் படிப்பிக்காத. புள்ளய அப்படியே கொண்டு போ. கேக்கிறத்துக்கு உள்ளத உள்ளபடி சொல்லு."

"என்ன மச்சி கதைக்கீங்க? உங்கட புள்ளய நீங்க படிப்பிச்சித்தானே பாஸ் பண்ண வெச்ச. எங்கட புள்ள மட்டும் பெயிலாகட்டும் எண்டா?"

சமையலறை வாசலில் றிஸ்வான் நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருடைய தங்கச்சியின் கலியாணப் பேச்சு சாய்ந்தமருதில் ஒரு இடத்தில் முடியும் தறுவாயில் இருந்தது. பஸ்லியாவின் காதில் விழுந்தால் அது நிந்தவூர் பஸ்ஸுக்கு முந்திக் கல்முனைக்குப் போய்ச் சேரும்.

ஷிபானா அவரைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி, தரையில் படங்களைப் பரப்பி வைத்திருந்த ஆதிலைக் காட்டினாள்.

"அண்டைக்குப் பாஸ் பண்ணின நான், பஸ்லியா. அவன் இல்ல. என்ட புள்ளைக்கு ஓட்டிசம். நான் படிப்பிச்ச படிப்பால காது வலிக்கி எண்டு சொல்லக்கூட வழியில்லாம லைட்டக் காட்டிட்டுக் கிடந்தான். போன காலத்த எனக்கு யாரும் திருப்பித் தரமாட்டாங்க. உன்ட புள்ளைக்கு இதச் செய்யாத."

பஸ்லியா மெதுவாக, "அப்ப எங்க மச்சி கொண்டு போற? தமிழ்ல கதைக்கிற ஆக்கள் இரிக்கிறாங்களா?" என்று கேட்டாள். அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

றிஸ்வான் தன்னுடைய போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "பஸ்லியா சொல்ல முந்தி நானே உம்மாக்குச் சொல்றன்" என்றார். கண்ணாடிக்கு அப்பால் குளிரில் அங்குமிங்கும் நடந்து நடந்து கதைத்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ தெரியாது. மச்சானின் நாலு வயதுப் பிள்ளைக்குப் பயந்து ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும். கட்டின வீடு ஓடாது.

சஞ்சிகைத் தம்பி, இதுதான் நான் எழுத நினைத்தது. ஒரு உதவி செய்யுங்கள். கல்முனைப் பக்கம் சின்னப் பிள்ளைகளை இதற்காகப் பார்க்கும் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது, தமிழில் பேச்சுப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்களா, இல்லாவிட்டால் மட்டக்களப்புக்குப் போகவேண்டுமா, யாரிடம் முதலில் காட்டவேண்டும் என்று விசாரித்து இதன் அடியில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண்மணி சொன்னதாக நான் எழுதியதில் பிழை இருக்கக்கூடும், விளங்கியதைத்தான் எழுதினேன். விசயம் தெரிந்த ஒரு டொக்டரிடம் காட்டிச் சரிபார்த்துப் போடுங்கள். பஸ்லியா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெயர்களை மாற்றிவிடவா என்று கேட்பீர்கள். ஷிபானாவிடம் கேட்டேன். "மாத்த வேணாம் பெரியம்மா. கல்முனைல புலமைப்பரிசில் வகுப்பு எடுத்த ஷிபானா எண்டே போடுங்க. என்னட்டப் படிச்ச புள்ளைகள் இப்ப உம்மாமாராகி இரிப்பாங்க" என்றாள். அந்த இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.